அம்மனுக்குக் காட்டிய பந்து

ரெஃப்ரி வேலையில் கிடைப்பது ஒரு டீயும், ஆட்டம் முடிந்ததும் வயிறு நிறைய வசவும்தான். பர்மாவில் எனக்கு வார நாளில் தன்லியின் என்ற பக்கத்து ஊர்த் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன் வேலை, ஞாயிறானால் எங்கள் தாகேதா வார்டு மைதானத்தில் விசில். சொந்தக்காரன் ஆடும் ஆட்டத்துக்கு விசில் ஊதிய பாவிகளே, இது உங்களுக்குத்தான்.

பிடித்தான், ஆனால்...

எங்கள் வார்டு கோல்கீப்பர் முத்து, என் மனைவியின் ஒரே தம்பி. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவனுக்கு எங்கள் வீட்டில்தான். நல்ல பந்தைப் பிடித்துவிட்டால் உடனே சாமி கும்பிடுவான்.

இந்த மழைக்கால அரையிறுதி. கடைசி நேரத்தில் தன்லியின்காரர்கள் அடித்த பந்தைப் பாய்ந்து பிடித்தான். அருமையான பிடி. வலையில்லாத மூங்கில் கோல், அதற்கு நேர் பின்னால் மாரியம்மன் கோயில். எழுந்தவன் கோட்டருகே நின்று கோயில் பக்கம் திரும்பி, பந்தை இரு கையாலும் ஏந்தி அம்மனுக்கு நீட்டினான். பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டியிருந்தது. கோல் என்று ஊதிவிட்டேன். எங்கள் வார்டு தோற்றது.

"மச்சான், பந்தை நான் விடவே இல்லையே! சாமிக்குத்தானே காட்டினேன்!"

டீக்கடை வழக்கு

மறுநாள் டீக்கடையில் எங்கள் ஆட்கள் எண்ணெயில் பொரித்த நீள மாவுப் பண்டமான இச்சாகுவேயைக் கோடாக வைத்து, எலுமிச்சம்பழத்தைப் பந்தாக உருட்டி வாதாடினார்கள். கையில் இருக்கிற பந்து எப்படி கோல் ஆகும் என்பது கட்சி. எலுமிச்சம்பழம் பிழியப்பட்டதுதான் மிச்சம். அந்த வழியாகத் தன்லியின் அணிக் கேப்டன் கோ மின், தேங்காயும் வாழைப்பழமும் தட்டில் ஏந்திக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டதற்குப் பர்மியில் நிதானமாகச் சொன்னார்.

"பந்தை வாங்கிக்கிட்டது உங்க அம்மன்தானே, நன்றி சொல்ல வேண்டாமா?"

நேரில் பார்த்த சாட்சி

முத்து விடவில்லை. கோயில் வாசலில் நின்று ஆட்டம் பார்த்த பூசாரியை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். பந்து கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது என்று அவர் வாயால் சொல்ல வேண்டுமாம். பூசாரி பொய் சொல்லத் தெரியாதவர்.

"நீ நீட்டினதும், சாமிக்குத்தான் குடுக்கிறேன்னு நெனச்சு நான் வாங்கவே கையை நீட்டிட்டேன்பா."

வாசற்படி

அடுத்த ஞாயிறு முத்து சாப்பிட வரவில்லை. அவன் பங்கு மீன்குழம்பை மூடி வைத்த என் மனைவி, எனக்கு ரசம் மட்டும் ஊற்றினாள். கோப்பை போனால் போகிறது, இந்தப் பயல் இனி வராமலே போய்விடுவானோ என்று பயமாக இருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு கொட்டும் மழையில் வந்து வாசலில் நின்றான். உள்ளே வா மாப்ளே என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அவன் அக்கா சோற்றுத் தட்டை வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். சோற்றில் மழை விழாமல் இருக்க, வெளியே நனைந்தபடி தட்டை மட்டும் இரு கையாலும் படிக்கு இந்தப் பக்கம் நீட்டிப் பிடித்தான். பிடித்தபடியே தட்டைப் பார்த்தான், படியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நான் வெளிய நிக்கிறேன், தட்டு உள்ள இருக்கு, நான் உங்க வீட்டுக்கு வந்துட்டேனா இல்லையா, நீங்களே சொல்லுங்க மச்சான்!"

மைதானத்துச் சட்டம்தான் வீட்டுக்கும் என்பதால் வந்துவிட்டாய் என்று தீர்ப்புச் சொன்னேன். இத்தனை காலத்தில் யாரும் மறுபேச்சுப் பேசாமல் ஏற்றுக்கொண்ட என் தீர்ப்பு அது ஒன்றுதான்.