அறுப்புக்கு முன் தூவிய உளுந்து

அத்திப்பட்டில் ராஜாத்தி குத்தகைக்குப் பயிரிடும் நிலத்தில் ஒரு காலத்தில் உப்புதான் பூத்துக் கிடந்தது. புருஷன் போன பிறகு ஏரி வண்டலைத் தலைச்சுமையாய்க் கொண்டுவந்து கொட்டினாள். முகத்துவாரத்து உப்புத்தண்ணீர் ஏறாமல் சுற்றிலும் கரை கட்டினாள். ஒரு மூட்டை காணாத மண் நெல்லாய்க் கொட்டியது. என்ன பிரயோசனம்? அந்தப் பக்கத்தில் நிலத்தின் விலை நெல்லைப் பார்த்தா ஏறுகிறது? துறைமுகம் எவ்வளவு கிட்டே, லாரி நுழையுமா, அவ்வளவுதான் பேச்சு.

நிலத்துக்காரர் வில்சன் ராயபுரத்தில் இருக்கிறார், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை, பாவம். மழைக்கு ஒழுகும் வீட்டை அவர் இடித்துக் கட்ட வேண்டும். மார்கழியில், கண்டெய்னர் யார்டு போடுகிற ஒருவரைக் கூட்டிவந்தார். வந்தவர் கதிரை ஏறிட்டும் பார்க்கவில்லை. கரைமேல் காரை ஏற்றி நிறுத்திவிட்டு, "சோக்கா கீது சார்! லாரி போவ ரோடே ரெடியா கீது" என்றார். ராஜாத்தி கட்டிய கரையே அவளுக்கு வினையாக வந்து நின்றது!

வில்சனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பேஜாராவாத ராஜாத்தி. பயிர் நிக்கிற நிலத்த எங்கப்பாவும் வித்ததில்ல, நானும் விக்கமாட்டேன். மாதா சத்தியம். நீ அறுத்துக்கோ, அப்பால பாத்துக்கலாம்."

அந்த வார்த்தையை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அறுப்புக்கு ஒரு வாரம் முன்பு, ஈரம் காயாத நெல்வயலுக்குள் இறங்கி உளுந்தைத் தூவினாள். கதிர் அறுத்து முடிப்பதற்குள் அது அடியில் முளைத்துவிடும்.

தையில் வில்சன் யார்டுக்காரரோடு வந்தபோது, நெல்தாளுக்கு நடுவே பச்சைப் பசேலென்று உளுந்து.

"இன்னா ராஜாத்தி இது?"

"பயிர்ணா."

"இதெல்லாம் ஒரு பயிரா? உழுது தள்ளு சார்!" என்று கத்தினார் யார்டுக்காரர்.

வில்சன் தலையைச் சொறிந்தார். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "சத்தியம் பண்ணிட்டேன் சார். உளுந்த எடுத்துக்கட்டும், பங்குனில வாங்க."

கார் விருட்டென்று திரும்பியதில் கரையின் ஓரம் இடிந்தது. ராஜாத்தி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

"விக்கப்போற நிலத்துக்கு ஏம்மா மண்ணு போட்ற?" என்றார் வில்சன்.

"நீ விக்கிறப்ப வித்துக்கோணா. இன்னிக்கு உப்பு ஏறினா என் உளுந்து செத்துடும்."