நின்று எரிந்த தீ

தாமிரபரணிப் படித்துறையில் ஈரத்தலையோடு உட்கார்ந்து அக்கா தன் வேலையைப் பற்றிச் சொன்ன அந்தக் காலைப்பொழுது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து விடுப்பில் வந்திருந்தாள். ஒலியைவிட வேகமாகப் பாயும் காற்றில் எரிபொருளைக் கலந்து, அந்தப் பாய்ச்சலிலேயே எரியவைக்கும் ஸ்கிராம்ஜெட் எஞ்சின்தான் அவள் உலகம்.

"ஹைட்ரஜனச் சுவர்லருந்து பீச்சுதோம். காத்து அதச் சுவரோடயே அமுக்கிருதுட்டி, நடுவுக்குப் போகவே மாட்டேங்கு. பலமாப் பீச்சினா காத்தோட வேகம் செத்துருது. கலக்கதுக்குள்ள எல்லாம் எஞ்சினத் தாண்டிப் போயிருது" என்றாள். தீ பிடிக்கும், பிடித்த வேகத்தில் அணைந்துபோகும். பீச்சும் துளைக்குப் பின்னால் சுவரில் சிறு பள்ளம் வெட்டினால், சூடான வாயு அங்கே சுழன்றுகொண்டிருக்கும், தீ அணையாமல் நிற்கும் என்பது அவள் யோசனை. அதைச் சோதித்துப் பார்க்க அனுமதி கிடைத்திருந்தது.

அந்த விடுப்பிலேயே டவுணில் நல்ல வரன் அமைந்து, நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்தாயிற்று. அப்போதுதான் சோதனையை அதே நாளுக்கு முன்கூட்டி வைத்திருப்பதாகத் தந்தி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தள்ளிவைக்க ஒப்பவில்லை. அப்பா முதலில் கெஞ்சினார், பிறகு கத்தினார்.

"இப்பப் போனேன்னா இந்த வாசப்படி மிதிக்காத."

அக்கா அழுதுகொண்டே பெட்டியைக் கட்டினாள். ரயிலேற்றிவிட நான் மட்டும் போனேன். சம்பந்தம் முறிந்தது. அவள் பெயரை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுவார்.

சோதனை முடிந்த மாலை, வண்ணார்பேட்டையில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவளை அழைத்தேன். காய்கறி வாங்கவேண்டும் என்று சொல்லிக் கூடவே வந்த அப்பா, கடைப்பக்கமே போகாமல் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். அக்கா குரல் கேட்டு நான் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. என் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

"எம்மா, தீ நின்னுதா?"

வெகுநேரம் கேட்டுக்கொண்டேயிருந்தார். "சரிம்மா... சரி. சாப்பிட்டியா?" என்றபோது அவர் குரல் உடைந்துவிட்டது.

அதே ஆராய்ச்சிக்காகப் பிற்பாடு அக்கா வெளிநாடு போனாள். அங்கேயே பேராசிரியை ஆகிவிட்டாள். கடைசிவரை அப்பா என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றைத்தான்: "அவ எப்ப வாராளாம்?" அவர் போய்ப் பல வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா கூப்பிடும்போது இப்போது நான் அதைக் கேட்கிறேன்.

"வாரேன்ட்டி" என்கிறாள்.