கறுப்புத் தகட்டுக்கு வெள்ளிப் பூச்சு

ஆராய்ச்சி மாணவிக்கு அறிவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், கோபம் மட்டும் வரவே கூடாது. எனக்கு வந்தது. உங்களில் யாராவது லேபில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் இருந்தால், என்னோடு சேர்ந்து ஒரு மூச்சு திட்டிக்கொள்ளுங்கள்.

என்ன படிப்பு இது?

2012-இல் நாகர்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் செய்தது ஒரு கறுப்புத் தகடு. கம்பி இணைத்து வோல்டேஜைக் கூட்டினால், மேலே படும் ரேடியோ அலைகளை அது அதிகமாக உறிஞ்ச வேண்டும், குறைத்தால் குறைவாக. அந்த வித்தியாசத்தை அளந்து காட்டினால்தான் எனக்கு டாக்டர் பட்டம். களியக்காவிளையில் செல்போன் கடை வைத்திருக்கும் சித்தப்பாவிடம் பெருமையாக விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஏட்டி, ஒரு கோடு சிக்னலுக்கு எனக்க கடைக்கு வாறவன் மாடியில ஏறி நிக்கியான். உள்ளதையும் உறிஞ்சதுக்கா நீ படிக்கிய?"

கரண்ட்

எத்தனையோ தகடுகளில் மேலே பூசிய கறுப்புப் படலம் ஈரக்காற்றில் விரிசல் விட்டுப் போனது. ஒன்றே ஒன்று தேறியது. அதை அளக்க உட்கார்ந்தால் மின்வெட்டு. கருவி சூடேற அரை மணி நேரம் ஆகும். சூடேறியதும் கரண்ட் போய்விடும். கல்லூரியில் ஜெனரேட்டர் இருந்தது, அட்மிஷன் ஆபீஸ் ஏசிக்கு. லேப் உதவியாளர் ஜெபமணி அண்ணன் ஜன்னலைத் திறந்து விட்டார்:

"ஆரல்வாய்மொழியில கரண்டு எடுக்கிய காத்தாடி எல்லாம் நல்லா கறங்குது பிள்ளே. கரண்டுதான் நமக்க தலைக்கு மேல கூடிப் போவுது."

இன்ஸ்பெக்ஷன்

ஆய்வுக்குழு வருகிறது என்று கல்லூரியில் கேட், மரம், பூந்தொட்டி ஒன்று விடாமல் பெயின்ட் அடித்தார்கள். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், என் தகடு மினுமினுவென்று வெள்ளி நிறத்தில் இருக்கிறது. பார்க்கக் கரிச்சட்டி போல இருந்ததாம். துறைத்தலைவர் பூசச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெயின்ட்டில் இருப்பது அலுமினியத் தூள், அதில் படுகிற அலை அப்படியே திரும்பிவிடும். எத்தனை வோல்ட் கொடுத்தாலும் இனி ஒன்றும் உறிஞ்சாது. சுரண்டினால் அடியில் உள்ள படலமும் கையோடு வரும்.

"சார், இது எனக்க தீசிஸ்!" என்று கத்தினேன். ஸ்டாஃப் ரூமே திரும்பிப் பார்த்தது. கன்னத்தில் ஒன்று விடலாமா என்றுகூட இருந்தது. அவர் நிதானமாகச் சிரித்தார்:

"என்னத்துக்கு கெடந்து சாடுக? உறிஞ்சலேன்னா, திருப்பி அனுப்புதுன்னு எழுதீரு."

இன்னொரு தகடு தேறி நான் பட்டம் வாங்க வருஷக்கணக்கில் பிந்தியது. பெயின்ட் அடித்த தகடோ அந்த வாரமே துறைத்தலைவர் பெயரோடு கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறி, 'தொடாதீர்கள்' என்று ஒரு போர்டும் வாங்கிவிட்டது.