கை எட்டுமா தம்பி?

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

நடந்தது என் அத்தானுக்கு. பேய் என்றாலே விழுந்து விழுந்து சிரிக்கிற மனிதர். பொய் சொல்ல வராது. முயன்றால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். இதைச் சொன்னபோது காது சிவக்கவில்லை. முகம்தான் வெளுத்திருந்தது.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் ஆறு மாதக் கைக்குழந்தை. பெருநகரத்தில் நாற்பது மாடி அலுவலகம் ஒன்றில் பத்து நாள் வேலை வந்தது. ஊழியர்கள் கிளம்பிய பிறகு இரவில் வேலை, பகலில் தூக்கம். அந்தக் கட்டடத்துக்குப் பின்னாலேயே ஒரு பழைய பேட்டையில் அறை கிடைத்தது. நகரத்துக்கு நடுவே ஒரு குட்டிக் கிராமம்! கார் நுழையாத கல் சந்து, கொடி படர்ந்த சுவர்கள், படியில் தூங்கும் பூனை. கீழே சலூன்காரர் முதல் நாளே, "சாப்டாச்சா தம்பி?" என்று விசாரித்தார். அத்தானுக்கு வாயெல்லாம் பல்.

அறை மூன்றாம் மாடியில். சந்துக்கு அந்தப்பக்கம், நாலே முழத்தில், நீல வண்ண வீடு.

முதல் நாள். பிற்பகல் 3:10. எதிர் ஜன்னலில் ஒரு பெண். தோளில் ஈரத் துண்டு.

"புதுசா வந்திருக்கீங்களா?"

"ஆமாங்க. பத்து நாளைக்கு."

"கை நல்ல நீளம் உங்களுக்கு."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று சிரித்துவைத்தார்.

இரண்டாம் நாள். அதே 3:10. அதே துண்டு. நீர் சொட்டிக்கொண்டே இருந்தது... கீழே சந்தில் ஒரு பொட்டு ஈரமில்லை.

"இங்க வரைக்கும் கை எட்டுமா தம்பி?"

அவள் முணுமுணுக்கத்தான் செய்தாள். ஆனால் காதோரமாகக் கேட்டது. அத்தான் ஜன்னலைச் சாத்தித் தாழ்போட்டார். எங்கிருந்தோ வந்த கருகல் வாடை மட்டும் அறையிலேயே நின்றது.

மூன்றாம் நாள் அழுகைச் சத்தம் அவரை எழுப்பியது. பச்சைக் குழந்தை. வீறிட்டு அழுதது. மணி பார்த்தார். 3:10.

பெற்ற மனம் கேட்குமா? ஜன்னலைத் திறந்தார்.

எதிர் ஜன்னலில் கரும்புகை. அவள் பாதி உடம்பு வெளியே. கையில் துண்டில் சுற்றிய பொட்டலம்.

"புடிங்க தம்பி! பிள்ளைய மட்டும் புடிங்க!"

அத்தான் இரண்டு கையையும் நீட்டினார்.

கனம். சுடச்சுட.

அழுகை நின்றது.

துண்டு விலகியது.

உள்ளே குழந்தை இல்லை... இரண்டு கைகள்.

அவை அவர் மணிக்கட்டைப் பிடித்தன.

இழுத்தன.

இடுப்புவரை வெளியே போய்விட்டார். லிஃப்ட் குழியில் பழகிய கால், தானாகவே கட்டில் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. எப்படி உள்ளே விழுந்தார் என்று அவருக்கே தெரியாது. மணி 3:14.

செருப்புகூட இல்லாமல் சலூனுக்கு ஓடினார்.

"எதிர் வீட்ல... நெருப்பு... அந்தம்மா..."

சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். அவரைச் சந்து வழியாகச் சுற்றி எதிர் வீட்டின் பின்பக்கம் அழைத்துப் போனார்.

நீலச் சுவருக்குப் பின்னால் வீடே இல்லை. இரும்புத் தூண்கள் முட்டுக்கொடுத்த ஒற்றைச் சுவர். மூன்றாம் மாடி ஜன்னலில் வானம் தெரிந்தது.

"எரிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு தம்பி. தெரு அழகு கெட்டுடும்னு முன்சுவர மட்டும் விட்டு வெச்சாங்க. அந்தம்மா மாடியிலயே..."

"குழந்தை? குழந்தை என்னாச்சு?"

சலூன்காரர் முகம் மாறியது.

"அவங்க ஒண்டிக்கட்டை தம்பி. குழந்தையே கிடையாது." "உங்களுக்கு முன்னாடி அந்த ரூம்லேர்ந்து ரெண்டு பேரு விழுந்தாங்க. உசுரு போற நேரத்துல ரெண்டு பேரும் இதையேதான் கேட்டாங்க."