மெற்றில்டா கொப்பன்ஹேகன் பார்த்த நாள்

கப்பல் கொப்பன்ஹேகன் துறைமுகத்தில் நின்றபோது மெற்றில்டா சப்பாத்தைக் கழற்றாமலே கட்டிலில் கிடந்தாள். இறங்க ஆயத்தமாகிவிட்டு, சனம் குறையட்டும் என்று சாய்ந்தவள். அப்படியே கண் சொருகிவிட்டது.

"எழும்பும் மெற்றி. எல்லாரும் இறங்கீட்டினம்," என்றான் அவளுடைய கணவன் அல்பிரட்.

அவன் ஒஸ்லோவில் பேருந்து ஓட்டுபவன். கல்யாண நாளுக்கென்று இந்தப் பயணத்தை அவனே ஒழுங்குசெய்திருந்தான். முதல்நாள் பின்னேரம் ஒஸ்லோவில் ஏறினால் காலையில் கொப்பன்ஹேகன். ஊரைச் சுற்றிவிட்டு அதே கப்பலில் திரும்பலாம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் இப்படியொன்றைச் செய்தது இதுதான் முதல் தடவை. லண்டன், பாரிஸ் எல்லாம் அவர்கள் போயிருக்கிறார்கள். போன இடங்களில் பார்த்தது கல்யாண மண்டபங்களையும் சொந்தக்காரரின் சோபாக்களையும்தான். தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஊரில் ஒரு பகலை என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. பேர்கனில் படிக்கும் மகள் ஜெனுஷாதான் என்னென்ன பார்க்கவேண்டும் என்று தகப்பனுக்குச் சொல்லிவிட்டிருந்தாள்.

மெற்றில்டாவுக்கு வர விருப்பமில்லை. ஆனால் வேண்டாம் என்றால் காரணம் சொல்லவேண்டும். காரணத்தை அவள் வீட்டில் ஒளித்துவைத்திருந்தாள்.

அவள் ஊரில் பேசாலை என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தவள். இருபத்தாறு வயதில் நோர்வேக்கு வந்து, வடக்கே மீன் தொழிற்சாலையில் கை விறைக்க விறைக்க வேலைசெய்தாள். பிறகு ஒஸ்லோவுக்கு மாறி, எல்லிங்ஸ்ருட்டில் வீடெடுத்து, முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் சேர்ந்தாள். இருபது வருடத்துக்கு மேலாக அதே வேலை. தூக்குவது, திருப்புவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது. யாராவது வராவிட்டால் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் போவாள். மருத்துவரிடம் 'சீக்கமெல்லிங்' எடுத்துக்கொண்டு, அதாவது சுகவீன விடுப்பில், வீட்டில் இருப்பவர்களைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. அப்படியான ஆட்களைப் பற்றி அவளும் அல்பிரட்டும் சாப்பாட்டு மேசையில் கதைத்துச் சிரித்ததும் உண்டு.

மாசி மாதத்தில் ஒரு காலை, ஒரு கிழவிக்குச் சட்டைப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தபோது அவளுடைய கைகள் நின்றுவிட்டன. வலி இல்லை, மயக்கமும் இல்லை. அடுத்த பொத்தானைப் பூட்ட முடியவில்லை, அவ்வளவுதான். கட்டில் விளிம்பில் இருந்தவளால் எழும்பவும் முடியவில்லை. கடைசியில் அந்தக் கிழவிதான் அழைப்பு மணியை அழுத்தி, "எனக்கில்லை, இவளுக்குத்தான்," என்று வந்தவர்களிடம் சொன்னாள்.

சில மாதங்களுக்கு வேலைப்பக்கம் போகவேண்டாம் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார். மெற்றில்டா வீட்டில் மூச்சுக்காட்டவில்லை. அடுத்த நாளும் வழமைபோல விடிய எழும்பி, சாப்பாட்டுப் பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டாள். சுரங்க ரயிலில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பினாள். நூலகம் திறந்ததும் அதற்குள் போய் இருந்தாள். அங்கே வெக்கை கூடினால் வெளியே வந்து, பியோர்விக்காவில் கடலோரம் கிடக்கும் மர வாங்கில் குந்தியிருந்தாள். பின்னேரம் வீட்டுக்கு வந்து, "இண்டைக்குச் சரியான வேலை," என்றாள். பங்குனியும் அப்படியே போய்விட்டது. சித்திரையில் அல்பிரட் கப்பலுக்குப் பதிந்துவிட்டு வந்து நின்றான்.

துறைமுகத்திலிருந்து பேருந்தில் நகரத்துக்குப் போனார்கள். நீஹவ்ன் கால்வாயின் இரு பக்கமும் மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக வீடுகள். அவற்றின் முன்னால் சனம் நெருக்கியடித்துக்கொண்டு படம் எடுத்தது. அல்பிரட்டும் ஒரு படம் எடுத்தான். "கொஞ்சம் சிரியும்," என்றான். மெற்றில்டா சிரித்தாள். பிறகு அவன் படகுச் சவாரிக்கு ரிக்கெற் எடுத்தான்.

தட்டையான நீளப் படகு. பாலங்கள் தலையில் முட்டுமளவுக்குப் பதிவு. ஒவ்வொரு பாலத்துக்கும் வழிகாட்டிப் பெண் எல்லோரையும் இருக்கச் சொன்னாள். அல்பிரட் கட்டடங்களைப் பார்க்கவேயில்லை. படகோட்டியைத்தான் பார்த்தான்.

"இந்த நீளத்தை இந்த முடக்கிலை திருப்புறான், பாரும். எங்கடை பஸ்ஸுக்கு இது சரிவராது."

"ம்."

அரண்மனை, ஒபரா மண்டபம், வீடாகவே மாற்றிய படகுகள் எல்லாம் கடந்து போயின. ஒரு படகு வீட்டின் மேல்தட்டில் ஒருத்தி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஈரச் சட்டைகளை உதறுவதைப் பார்த்தபோதே மெற்றில்டாவின் தோள்கள் உளைந்தன.

இறங்கியதும் பாலத்தைக் கடந்து கிறிஸ்தியான்ஸ்ஹவ்ன் பக்கம் நடந்தார்கள். அங்கே கால்வாய் அமைதியாக இருந்தது. கல்லுக்கரையில் இளம் பிள்ளைகள் காலைத் தொங்கப்போட்டபடி வெயில் காய்ந்தார்கள். கொஞ்சத் தூரத்தில் ஒரு தேவாலயக் கோபுரம். வெளிப்புறமாகவே படிகள் சுற்றிச் சுற்றி உச்சிக்கு ஏறின.

"ஜெனுஷா அதிலை ஏறச் சொன்னவள்," என்றான் அல்பிரட்.

"நீங்கள் போட்டு வாங்கோ. நான் இதிலை இருக்கிறன்."

அவன் போகவில்லை. பக்கத்தில் வந்து இருந்தான்.

"பியோர்விக்காவிலையும் இப்பிடித்தான் இருந்தனீர்," என்றான்.

மெற்றில்டா பக்கத்தில் கிடந்த பையை நகர்த்திவைத்தாள்.

"பஸ் ஓடேக்கை கண்டனான். ஒருக்கா இல்லை, கனதரம். முதல் நாள் வேறை ஆரோ எண்டு நினைச்சன். பிறகு உம்மடை பச்சைத் தொப்பியைக் கண்டன்."

"எப்ப?"

"பங்குனி தொடக்கத்திலை."

அவளுக்கு முதலில் வந்தது வெட்கம். அதற்குப் பின்னால் கோபம் வந்தது. "அப்ப தெரிஞ்சுகொண்டே விட்டனீங்களோ? அந்தக் குளிருக்கை ஒவ்வொரு நாளும் ரயிலிலை போய்வந்தனான். வீட்டை வந்து பொய் சொன்னனான். நீங்கள் 'ஓமோ' எண்டு கேட்டுக்கொண்டு சோறு சாப்பிட்டனீங்கள்."

"எனக்கு என்னெண்டு கேக்கிறதெண்டு தெரியேல்லை, மெற்றி. வேலையாலை நிப்பாட்டிப்போட்டாங்களோ எண்டு நினைச்சன். பிறகு ஏதும் பெரிய வருத்தமோ எண்டு பயந்தன். கேட்டா மறுமொழியைக் கேக்கவேணுமெல்லே. அதுதான் இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தனான். இஞ்சையெண்டா எழும்பி வேலைக்குப் போகேலாது. உமக்கும் ஏலாது, எனக்கும் ஏலாது."

அவள் எழும்பிக் கால்வாய்க்கரையோடு நடந்தாள். பையை விட்டுவிட்டாள். அவன் அதைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் பின்னால் நடந்தான். சைக்கிள்கள் மணியடித்தபடி விலகிப் போயின. இரண்டு பாலம் தாண்டி அவள் நின்றாள். கோபம் தீர்ந்து நின்றவளல்ல. கால் ஏலாமல் நின்றாள்.

அந்த இடத்தில் ஒரு வண்டிக்காரன் சொசேஜ் விற்றுக்கொண்டிருந்தான். அல்பிரட் இரண்டு வாங்கினான். ஒரு மரப்பலகையில் இருந்து சாப்பிட்டார்கள். அப்போதுதான் அவள் அந்தப் பொத்தான் கதையைச் சொன்னாள். கைகள் நின்றதையும், மருத்துவர் கேட்ட கேள்விகளையும், நூலகத்தில் திறந்த புத்தகத்தின் ஒரே பக்கத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. கொட்டாவிதான் வந்தது.

"அந்தக் கிழவி இப்ப எப்பிடி?" என்று கேட்டான் அல்பிரட்.

"தெரியேல்லை. போய்ப் பாக்கவேணும்."

அவர்கள் கோபுரத்தில் ஏறவில்லை. கடற்கன்னிச் சிலையையும் பார்க்கவில்லை. கப்பலுக்குத் திரும்பும் பேருந்தில் மெற்றில்டா ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்து வாய் திறந்து தூங்கினாள். இறங்கும் இடம் வந்தபிறகும், சாரதி திரும்பிப் பார்க்கும்வரை, அல்பிரட் அவளை எழுப்பவில்லை.

கப்பல் வெளிக்கிட்டபின் ஜெனுஷா கூப்பிட்டாள். "அப்பா, எல்லாம் பாத்தனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. இருந்தனாங்கள்."

"நாள் முழுக்கவோ?"

மெற்றில்டா கையை நீட்டிக் கைபேசியை வாங்கினாள். மேல்தட்டில் காற்று அடித்தது. கதவோரம் ஒதுங்கி நின்று மகளுக்கு எல்லாவற்றையும் தானே சொன்னாள். "வெள்ளிக்கிழமை வாறன் அம்மா," என்றாள் ஜெனுஷா.

திங்கட்கிழமை அல்பிரட் வேலைக்குப் போனபிறகும் மெற்றில்டா படுக்கையிலேயே இருந்தாள். வெளிக்கிட்டுப் போவதைவிட அது கஷ்டமாக இருந்தது. கோடை முடிந்தபோது அதே இல்லத்துக்கு அரைநேர வேலைக்குத் திரும்பினாள். இப்போதும் சில நாட்களில் மத்தியானமே களைத்துப்போகிறாள். அப்போது ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுவாள். அல்பிரட் வீட்டில் நின்றால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பான்.