நூறில் எட்டு

ஆஸ்பத்திரியின் புள்ளிவிவரப் பிரிவில் அவளுக்குப் 'புள்ளியம்மா' என்று பெயர். தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் விட்டுப்போனாலும் ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடுவாள். பதினெட்டு வருஷமாக இதே கெடுபிடிதான். அவளைக் கண்டால் டாக்டர்களே நழுவுவார்கள். ஆனால் அவள் தயாரித்த பட்டியலை யாரும் மறுபடி சரிபார்த்ததில்லை. அந்த நம்பிக்கையே வினையாகிப்போனது.

மாற்றுக் கல்லீரலுக்குக் காத்திருப்போர் பட்டியலும் அவள் பொறுப்புதான். ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் வரும். நோய் முற்ற முற்ற எண் ஏறும். அதிக எண் உள்ளவருக்கு முதல் கல்லீரல். எண் சமமாக இருந்தால் முன்னால் பதிந்தவருக்கு. இரண்டு மாதமாக அந்தப் பட்டியலில் அவளுடைய தம்பியும் இருந்தான்.

ஒரு திங்கட்கிழமை பெரிய டாக்டர் அவள் மேஜைக்கு வந்தார்.

"என்னம்மா இது, புள்ளிக்குப் பின்னாடி ஆறு நம்பர் வாலு மாதிரி தொங்குது? படிக்கவே கண்ணு வலிக்குது. ஒண்ணு போதும்."

அதற்கு இரண்டு வழி உண்டு. எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு திரையில் மட்டும் சுருக்கிக் காட்டலாம். இல்லையென்றால் எண்ணையே சுருக்கிவிடலாம். முதல் வழியை விட்டு விலகாதீர்கள் என்று புதிதாக வருபவர்களிடம் தொண்டை வற்றக் கத்துகிறவளே அவள்தான். அன்று தம்பிக்கு ஸ்கேன். போகிற அவசரத்தில் இரண்டாவதைச் செய்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். புத்தி எங்கே போயிற்றோ!

வியாழக்கிழமை ஒரு கல்லீரல் வந்தது. பட்டியலின் உச்சியில் தம்பிக்கு 31.8, இன்னொருவருக்கும் 31.8. அந்த மனிதர் தம்பிக்குப் பதினோரு நாள் முன்னால் பதிந்தவர். கல்லீரல் அவருக்குப் போயிற்று.

மறுநாள் சந்தேகம் தட்டி மூலக் கணக்கைத் திறந்தாள். இரண்டு இலக்கம் வரை பார்த்ததே போதும்: தம்பிக்கு 31.84. மற்றவருக்கு 31.76. நடந்ததை எழுதிப் பெரிய டாக்டரிடம் கொடுத்தாள். பட்டியலைத் திருத்தினாள். பிறகு மாடியேறித் தம்பியின் கட்டிலருகே நின்றாள்.

"நான்தான்டா கெடுத்தேன்."

முழுக்கதையையும் சொன்னாள். அவன் மஞ்சள் பூத்த கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த ஆளு எப்படி இருக்காரு?"

"கண்ணு முழிச்சுட்டாராம்."

"அப்புறம் என்னக்கா? மூக்கைத் தொடச்சுக்கோ, பாக்கச் சகிக்கல."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அதன்பின் மூன்று வாரமாக ஒரு கல்லீரலும் வரவில்லை. இந்தத் திங்கட்கிழமை புது முடிவுகளை ஏற்றினாள். ஆறு இலக்கத்தையும் விடாமல் வைத்தாள். தம்பிக்கு முப்பத்தொன்பதுக்கு மேல். அடுத்தவருக்கு முப்பதுகூட இல்லை. இனி எத்தனை இலக்கத்துக்குச் சுருக்கினாலும் அவன்தான் முதல்.