பாக்கெட்டில் சிரிப்பவள்

கோரிப்பாளையம் சிக்னலில் சிவப்பு விழுந்தால் பஸ்ஸில் இருக்கிறவர்களில் பாதிப்பேர் தாமரைச்செல்வியைத்தான் பார்ப்பார்கள். அதே பஸ்ஸில் ஜன்னலோரம், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு அவளும் அண்ணாந்து பார்த்திருக்கிறாள். மாடி உயரத்துக்கு ஒரு போர்டு. செங்காந்தள் குங்குமம் என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் நெற்றி நிறையப் பொட்டோடு, பல் அத்தனையும் தெரிய அவள் சிரிப்பு. ஒருநாள் பின் சீட்டுக்காரி தன் மகளிடம், மூஞ்சியில என்ன ஒரு லட்சணம் பாரு என்று காட்டினாள். தாமரைக்கு உடம்பெல்லாம் கூசியது. திரும்பி, அது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று முந்தானையை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அது போர்டுக்காகச் சிரித்த சிரிப்பு இல்லை. அவள் புருஷன் காளை அந்தக் குங்குமக் கம்பெனியில் வேன் ஓட்டினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடி மலையடிக் குளத்தோரம் அவளை நிற்க வைத்து, புதுப் போனில் படம் பிடிக்கிறேன் பேர்வழி என்று பின்னாலேயே நகர்ந்து போய், பொத்தென்று குளத்துக்குள் விழுந்தான். செருப்பு ஒரு பக்கம் மிதக்க, மனுஷன் சேற்றில் உட்கார்ந்து போனை மட்டும் உயரத் தூக்கிப் பிடித்திருந்தான். அதைப் பார்த்துத்தான் அவள் அப்படிச் சிரித்தாள்; அந்த நேரம் பார்த்து அவன் விரல் பட்டனை அழுத்திவிட்டது.

முதலாளி ஜெயபாண்டி அந்தப் படத்தைக் காளையின் போனில் பார்த்தார். அதுவரை அவர் குங்குமப் பாக்கெட்டில் ஒரு குத்துவிளக்குதான் எரிந்துகொண்டிருந்தது, யாரும் சீந்தவில்லை. இந்தச் சிரிப்பைக் கொடுப்பா என்று கேட்டு வாங்கிப்போனவர், தாமரைக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்துக்கொடுத்தார். படத்தில் அவள் ஒட்டியிருந்தது மிளகு அளவு ஸ்டிக்கர் பொட்டு. கம்ப்யூட்டரில் அதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் வட்டமாகக் குங்குமத்தைத் தீட்டினார்கள்.

அவ்வளவுதான், பிய்த்துக்கொண்டு போனது வியாபாரம். பொடி அதே பொடி, அரைக்கிற மெஷினும் அதே மெஷின். ஆனால் மேலூர்ப் பக்கமும் உசிலம்பட்டிப் பக்கமும் பெண்கள், இது நெற்றியில் அரிக்கவே அரிக்காது, பொழுது சாய்கிற வரைக்கும் மங்காது, ராசியான குங்குமம் என்று சத்தியம் பண்ணாத குறையாகப் பேசிக்கொண்டார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால், அந்தப் பிள்ளையின் முகமே சொல்கிறதே என்பார்கள். நல்ல கூத்து! அந்தப் பிள்ளையோ வீட்டில் ஸ்டிக்கர் பொட்டோடு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள்.

படத்தைப் பார்த்தவர்கள் நேரில் வந்து, எங்கே அந்தப் பொட்டு என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் அவளும் குங்குமத்துக்கு மாறினாள். காலையில் வேன் எடுக்கப்போகும் முன் காளைதான் வைத்துவிடுவான். போர்டுல இருக்கிற மாதிரியே வரணும், ஆடாதே என்று அவள் தாடையைப் பிடித்துக்கொள்வான். பிள்ளை இல்லாத வீடு. அந்தக் குறைக்கு அழ வேண்டியதை எல்லாம் இருவரும் எப்போதோ அழுது முடித்துவிட்டார்கள். வேனின் பின்கதவிலும் அவள் படம்தான். முன்னால நான் ஓட்டுறேன், பின்னால நீ வர்ற, நமக்கென்ன என்பான்.

மதியங்களில் தையல் மெஷின் மேல் கை வைத்தபடியே அவள் எங்கேயோ போய்விடுவாள். இத்தனை ஊர் சாமி அலமாரிகளில் தான் இருக்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு ஒரு மயக்கம். சாம்பிராணிப் புகைக்கு நடுவில் யார் யாரோ கண்ணை மூடி வேண்டிக்கொள்வது காதில் விழுகிற மாதிரி இருக்கும். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், புருஷனுக்குக் குடி நிற்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அங்கே இருக்கிறவள் சிரித்துக்கொண்டே இருப்பாள். வாசலில் வேன் ஹாரன் கேட்டதும்தான் இவள் வீடு திரும்புவாள்.

ஒருநாள் ஹாரன் கேட்கவில்லை. மேலூரில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேனிலேயே சாய்ந்துவிட்டான். இரக்கமில்லாத சாவு. ஒரு வார்த்தை பேசக்கூட நேரம் கொடுக்கவில்லை.

துக்கம் கேட்க வந்த ஜெயபாண்டி நெடுநேரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நல்ல மனுஷன்தான், ஆனாலும் வியாபாரி. கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, "நீ பொட்டோட இருந்தா படமும் இருக்கும் ஆத்தா. நீ அழிச்சிட்டா நானும் அழிக்க வேண்டியதுதான்" என்றார். தாமரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. காளையின் போன் அவன் கையிலிருந்து கீழே விழுந்து நொறுங்கிப் போயிருந்தது. காளையை அவள் பார்த்த பார்வை இனி அந்தப் பாக்கெட்டில்தான் இருக்கிறது. அதையும் விட்டுவிட்டால் அவள் கையில் என்ன மிஞ்சும்?

பதினாறாம் நாள் விடியற்காலை. காளையின் அக்கா சோலையம்மாள் சடங்குக்கு எல்லாம் எடுத்துவைத்தாள். கடைசித் தடவையாகப் பூ வைத்து, வளையல் அடுக்கி, பெரிதாகப் பொட்டு வைத்து, பிறகு அத்தனையையும் எடுத்துவிடுவதுதான் அங்கே வழக்கம். யாரோ குங்குமம் கேட்க, யாரோ கடையில் வாங்கி வந்ததை நீட்ட, சோலையம்மாள் அதைப் பிரிக்கப் போனாள். செங்காந்தள் பாக்கெட். தாமரை அதில் பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். சோலையம்மாளின் விரல் ஒரு கணம் தயங்கியது. ஆனால் சடங்கு சடங்குதானே; கிழித்து, தொட்டு, வைத்துவிட்டாள். ஈரத்துணியை எடுத்தபோது தாமரை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் மதினி. இது இருக்கட்டும்."

சோலையம்மாள் எம்புட்டோ சொல்லிப் பார்த்தாள். அழுதாள், திட்டினாள், என் தம்பி ஆத்மா சாந்தியடைய வேண்டாமா என்று தலையில் அடித்துக்கொண்டாள். தாமரை பிடித்த கையை விடவில்லை. இவளுக்கு மினுக்கக் கேட்கிறது, போர்டில் ஏறியவள் இறங்குவாளா என்று பந்தலில் ஒருத்தி சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. மத்தியானச் சோற்றுக்கு இருக்காமல் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள்.

கல்யாண ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறவர்கள் வரத்து நின்றது. நின்றால் நிற்கட்டும் என்றிருந்தாள். கண்ணாடி முன்னால் நின்று, தன் தாடையைத் தானே பிடித்துக்கொண்டு பொட்டு வைத்தாள். கோணலாகத்தான் வந்தது. அப்போதெல்லாம் அவளுக்குக் கனவிலும் குளம்தான். அவன் எழுந்து வருவான், தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்பான், படம் எடுக்கட்டுமா என்பான். விழித்ததும் கண் ஈரமாக இருக்கும். ஆனாலும் மேலூரில் ஏதோ ஒரு அலமாரியில் தான் இன்னமும் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டால் எழுந்திருக்கத் தெம்பு வந்துவிடும்.

ஊர் வாயை யார் மூட முடியும்? எதிர்க் கம்பெனி ஏஜெண்டு கடை கடையாகப் போய், அந்தப் படத்தில் இருக்கிறவள் தாலியறுத்தவள் தெரியுமா என்று ஓதிவிட்டான். அப்புறம் பார்க்க வேண்டுமே! அரிக்கவே அரிக்காத குங்குமம் இப்போது அரிக்க ஆரம்பித்துவிட்டது. நிறமும் மட்டமாகிவிட்டதாம், மத்தியானத்துக்குள் மங்கிவிடுகிறதாம். பொடி அதே பொடிதான். சரக்கு மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தது.

ஒரு திங்கட்கிழமை மொக்கையன் கடையில் நூல் வாங்கப் போனவள் புதுச் செங்காந்தள் பாக்கெட் சரம் தொங்குவதைப் பார்த்தாள். முகம் வேறு. மூக்கு எடுப்பாக, நிறம் சிவப்பாக, கண்ணில் மை. யாரோ ஒரு சின்னப் பெண். சரி, நம்ம படம் போய்விட்டது என்று நூலைக் கையில் வாங்கியவள் மறுபடி பார்த்தாள். உதடும் பல்லும் அவளுடையவை. தலை லேசாகச் சாய்ந்திருந்த கோணம்கூட அதேதான். சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் கம்ப்யூட்டரில் மாற்றியிருந்தார்கள். முன்பின் தெரியாத ஒருத்தி, குளத்தில் விழுந்த காளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நூலை அங்கேயே போட்டுவிட்டு, சரத்திலிருந்து ஒரு பாக்கெட்டைப் பிய்த்துக்கொண்டு, தல்லாகுளத்தில் இருக்கிற கம்பெனி ஆபீசுக்கு பஸ் ஏறினாள். ஜெயபாண்டி அவளைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். கணக்குத் தீர்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, உட்காரச் சொல்லி, காபி வாங்கிவரச் சொல்லி, சந்தை நிலவரம் இப்படி ஆகிவிட்டதே என்று ஏதேதோ பேசினார். அவள் உட்காரவில்லை. பாக்கெட்டை மேஜை மேல் வைத்தாள்.

"மூஞ்சிய எடுத்துட்டீங்க, சரிண்ணே. இந்தச் சிரிப்பையும் எடுத்துருங்க. அது அவரைப் பாத்துச் சிரிச்சது."

ஜெயபாண்டி பாக்கெட்டைக் கையில் எடுத்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண்ணிலும் நீர் கட்டியது. அதில் பொய் இல்லை.

"அதுதானே ஆத்தா விக்கிது" என்றார்.